ஃப்ரீசருக்குள் ஒரு ரைஃபிள்

கோயம்புத்தூரில் பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்த காலத்தில், இந்தக் கை ஒருநாள் மான் வேட்டைத் துப்பாக்கிக்குக் குழல் பூட்டும் என்று எந்தக் குறிகாரியாவது சொல்லியிருந்தால், கொடுத்த தட்சிணையைத் திருப்பி வாங்கியிருப்பேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே குற்றமாகிவிட்ட நாட்டில் வளர்ந்தவன் நான். பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த பிறகு, வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் பக்கத்து வீட்டுப் பெரியவர், "உங்களுக்கு லேத் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று உண்மையைச் சொன்னேன். அரிச்சந்திரனுக்குப் பிறகு உண்மை சொல்லி இப்படி மாட்டிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன்.

அவருடைய நிலவறையில் ஒரு பழைய லேத்தும், மேசை இழுப்பறையில் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் .257 ராபர்ட்ஸ் என்னும் வகைத் தோட்டாக்கள் இருபது. அவருடைய தந்தை ஒரு பணமுடையில் ரைஃபிளை விற்றுவிட்டார். தோட்டாப் பெட்டியை விற்க மறந்துவிட்டார். அந்தப் பெட்டி வீணாகக் கூடாது என்பதற்காகப் பெரியவர் புதிதாக ஒரு ரைஃபிள் கட்டத் தீர்மானித்தார். சாட்டை கிடைத்துவிட்டதே என்று குதிரை வாங்கப் புறப்பட்டவரை நான் நேரில் கண்டது அன்றுதான்.

இந்தத் தோட்டாவைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். ஜெர்மானியரின் 7×57 மவுசர் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி, கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான விட்டமுள்ள குண்டு பொருந்தும்படி மேஜர் நெட் ராபர்ட்ஸ் என்பவர் உருவாக்கிய வகை இது. 1934இல் ரெமிங்டன் நிறுவனம் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. சுடும்போது தோளில் அதிர்ச்சி குறைவு, குறி சுத்தம் என்று வேட்டைக்காரர்கள் கொண்டாடினார்கள். 1955இல் .243 வின்செஸ்டர் என்ற இன்னொரு தோட்டா வந்தது. கொண்டாடியவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். குண்டின் எடையை இங்கே கிரெயின் கணக்கில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நம்முடைய குன்றிமணியைப் போல இதுவும் ஒரு விதை மணியில் பிறந்த அளவுதான். பெரியவரின் தோட்டாவில் இருந்த குண்டு 117 கிரெயின். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழரை கிராமுக்கு மேல், ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. அதன் பிறகு அவர் ஒவ்வொரு முறை சுடும்போதும், யாரோ ஒரு மோதிரத்தைக் காட்டுக்குள் விட்டெறிவது போலவே எனக்குத் தோன்றியது.

"ஆணி விற்கும் கடையில்கூட .30-06 தோட்டா கிடைக்கிறதே, அதற்கே கட்டிக்கொள்ளக் கூடாதா?" என்று ஒரே ஒரு முறை கேட்டேன். கல்யாண வீட்டில் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டவனைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். அதன் பிறகு கேட்கவில்லை.

துப்பாக்கியின் உடற்பகுதியாக அவர் வாங்கி வைத்திருந்தது, பெர்லினில் செய்யப்பட்டு அர்ஜென்டினா ராணுவத்துக்குப் போன 1909ஆம் ஆண்டு மாதிரி மவுசர் ரைஃபிள். அதன் தலைமேல் அர்ஜென்டினாவின் அரசுச் சின்னம், கைகுலுக்கும் இரண்டு கைகளும் அவற்றுக்கு மேலே எட்டிப்பார்க்கும் சூரியனுமாக, தேயாமல் இருந்தது. அமெரிக்கச் சட்டத்தில் இந்த உடற்பகுதி மட்டுமே துப்பாக்கி. குழலும், தோளில் ஊன்றும் மரக்கட்டையும் வெறும் உதிரிபாகங்கள் என்பதால், சட்டையைப் போலத் தபாலில் வரும். பழைய குழலைக் கழற்றத்தான் மூன்று வாரம் எண்ணெய் ஊற்றிக் காத்திருக்க நேர்ந்தது. நூறாண்டுத் துரு, நாத்தனார் பகையைப் போன்றது. இளகுவதாகப் போக்குக் காட்டும், இளகாது.

புதுக் குழலைக் கடைந்து பூட்டியது என் பங்கு, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தோட்டா உட்காரும் அறையின் ஆழத்தைச் சரிபார்க்க அவர் இரண்டு எஃகுத் துண்டுகளை எடுத்து வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அவை நான் பீளமேட்டில் தினமும் கையில் பிடித்த அதே கோ கேஜும் நோ-கோ கேஜும்தான். முதலாவதன் மேல் போல்ட், அதாவது அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு, மூட வேண்டும், இரண்டாவதன் மேல் மூடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் இடைவெளி. முதல் தடவையிலேயே சரியாக வந்தது. பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மகிழ்ச்சியில்தான் அடுத்த வேலையில் கோட்டைவிட்டோம்.

வால்நட் கட்டைக்குள் இரும்பு ஆடாமல் உட்கார வேண்டும் என்பதற்காக, இரண்டுக்கும் இடையில் எப்பாக்சிப் பசையை ஊற்றி வார்ப்பு எடுப்பார்கள். பசை கட்டையில் ஒட்ட வேண்டும், இரும்பில் ஒட்டக் கூடாது. அதற்காக இரும்பின் மேல் முன்கூட்டியே மெழுகு பூச வேண்டும். பெரியவர் நிறமில்லாத செருப்புப் பாலிஷைப் பயன்படுத்துபவர். முன்பக்கம் நான் பூசினேன், பின்பக்கம் அவர் பூசினார். அடியில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டிப் பகுதியை அவர் பூசியிருப்பார் என்று நானும், நான் பூசியிருப்பேன் என்று அவரும் நம்பினோம். மறுநாள் காலையில் திருகுகளைக் கழற்றி இழுத்தால், இரும்பும் மரமும் பிறவியிலேயே ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. நான் இழுத்தேன், அவர் இழுத்தார், பிறகு ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தேர் வடம் இழுப்பதைப் போல இழுத்தோம்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. குளிரில் இரும்பு சுருங்கும், பசையின் பிடி விடும். ஆகையால் முழுவதையும் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். போல்ட்டை உருவிவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நிலவறையின் பெரிய ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலங்களின்மேல் கிடத்தினோம். இந்த ஏற்பாட்டைப் பற்றி வீட்டம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோது அந்த அம்மாள் ஃப்ரீசர் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கோபப்படவில்லை. கணவரைப் பார்த்து, "இதை எத்தனை டிகிரியில் வேக வைக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே எடுத்து ரப்பர் சுத்தியலால் தட்டினோம். நான்காவது அடியில் 'டக்' என்றொரு சத்தம். இரும்பு தனியே வந்தது, கூடவே பின் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு மரச்சில்லும் வந்தது. இன்றைக்கும் அந்தக் குழி அப்படியே இருக்கிறது. அதை யாருக்குக் காட்டினாலும் பெரியவர், "இது இந்தியாவிலிருந்து வந்த நிபுணரின் முத்திரை" என்பார்.

கட்டைக்கு எண்ணெய் ஏற்றுவதற்கு ஒரு பழைய வழக்கம் சொன்னார்: ஒரு வாரம் தினமும் ஒரு முறை, ஒரு மாதம் வாரமொரு முறை, ஒரு வருஷம் மாதமொரு முறை, அதன் பிறகு ஆயுள் முழுவதும் வருஷத்துக்கு ஒரு முறை. பேரப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக அவர் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்க மாட்டார்.

குறி சரிபார்ப்பதற்குள் இருபதில் பதினான்கு தீர்ந்துவிட்டது. கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பையன் உள்ளே போய்த் தேடிவிட்டு, .257 வெதர்பி மேக்னம் என்று போட்ட ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, "எண் ஒன்றுதானே" என்றான். குண்டின் விட்டம் ஒன்றுதான். தோட்டாவோ இந்த ரைஃபிளுக்குள் நுழையவே நுழையாது. பெரியவர் அவனுக்கு நெட் ராபர்ட்ஸ் வரலாற்றைத் தொடங்கினார். நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். 7×57 உறையை ஒடுக்கி வீட்டிலேயே தோட்டா செய்துகொள்ளலாம்தான், ஆனால் ஃப்ரீசர் விவகாரத்துக்குப் பிறகு நிலவறைக்குப் புதிய கருவி எதுவும் வருவதற்கு அனுமதி இல்லை.

நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை, ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவத்தின் முதல் நாள், விடியும் முன்பே காட்டுக்குப் போனோம். தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. பழநிக்குப் பாதயாத்திரை போனபோதுகூட நான் அவ்வளவு காவி உடுத்தியதில்லை. எட்டரை மணி வாக்கில் தூறல் போட்டது. முதல் துளி கட்டைமேல் விழுந்ததுதான் தாமதம், பெரியவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி ரைஃபிளுக்குப் போர்த்தி, தலைப்பகுதியை இரண்டு சுற்றுச் சுற்றி, பொத்தானையும் போட்டுவிட்டார். அப்போதுதான் எண்பது கஜத்துக்குள் ஒரு கொம்பு மான் வந்து நின்றது. எங்களைப் பார்த்தது. பெரியவர் பொத்தானைப் பார்த்தார். இரண்டாவது பொத்தானை அவிழ்ப்பதற்குள் அது வேலை முடிந்த அதிகாரியைப் போல நிதானமாக நடந்து போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆறு தோட்டாக்களையும் துடைத்து அந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்தார். மான்கறிக்கென்று ஃப்ரீசரில் அந்த அம்மாள் ஒரு மூலையை ஒழித்து வைத்திருந்தார். மூடியைத் திறந்து அந்தக் காலி இடத்தைக் காட்டி, பிறகு என்னையும், சொட்டச் சொட்ட நின்ற கணவரையும், கணவர் கையில் இருந்த நனையாத ரைஃபிளையும் மாறிமாறிப் பார்த்து, "இடம் இருக்கிறது என்பதற்காக இதைத் திரும்பவும் உள்ளே வைத்துவிடாதீர்கள்" என்றார்.