ஆழியாறு சாரலில் செல்லப்பாவின் கதை

எங்கள் அறையில் சனிக்கிழமை இரவு என்றால் படம்தான். அதிலும் பெரும்பாலும் காதல் காமெடி. வாரம் முழுக்க வேலை பார்த்துக் களைத்துப்போய் வருகிற நான்கு பேருக்கு, கடைசியில் எல்லாரும் சிரித்தபடி நிற்கிற கதை அவ்வளவு இதமாக இருக்கும்.

கோவை பீளமேட்டில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். தஞ்சாவூர் அக்கா வங்கியில் வேலை பார்க்கிறார், எங்களைவிட எட்டு வயது மூத்தவர். தென்காசிக்காரிக்கு ஆய்வகத்தில் வேலை. மதுரைக்காரியும் நானும் ஒரே அலுவலகம். நான் பண்ருட்டிப் பக்கத்துப் பெண். வீட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே குறைவு. அவரவர் ஊர்தான் அவரவர் பெயர்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. யார் முறையோ அவர்தான் அந்த வாரப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கொறிக்கவும் அவரே ஏதாவது செய்ய வேண்டும். கடையில் வாங்கக் கூடாது. அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி அக்கா கொண்டுவந்தது. அதனால் எந்தப் படத்தை நினைத்தாலும் எனக்கு ஒரு ருசியும் கூடவே நினைவுக்கு வருகிறது. 'மிஸ்ஸியம்மா' என்றால் கடலை போட்டு அவித்த சுண்டல். 'காதலில் சொதப்புவது எப்படி' என்றால் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கிளிமூக்கு மாங்காய்.

படம் ஒரு பக்கம் ஓட, பேச்சு ஒரு பக்கம் ஓடும். தென்காசிக்காரிக்குத் தீராத குறை ஒன்று உண்டு.

"படம் முடிய இருவது நிமிசம் இருக்கும்போது ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை வரும் பாத்துக்கோ. ஒரு போன் போட்டுக் கேட்டா தீந்துபோற விசயம். அதுக்குப் போயி மழையில நின்னுக்கிட்டு அழுவா."

"போன் போட்டுக் கேட்டுட்டா அப்புறம் எதுக்குடி படம்?" என்பாள் மதுரைக்காரி. அவளுக்கு அந்தச் சண்டைதான் பிடிக்கும். 2012இல் வந்த அந்தச் 'சொதப்பல்' படம் முதலில் ஒரு குறும்படமாக இருந்து பிறகு முழுப் படமாக வளர்ந்தது. அதில் ஒன்றுமில்லாத காரணத்துக்குச் சண்டை போட்டுக்கொள்வதுதான் கதையே, அதனால்தான் அது உண்மையாக இருக்கிறது என்பது அவள் கட்சி.

அக்கா நிதானமாகப் பேசுவார். "சண்டை இருக்கட்டும்டி. ஆனா அதுக்கு வேர் ஒண்ணு இருக்கணும்." 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வைத்தான் அவர் எடுத்துக்காட்டாகச் சொல்வார். வேலையில்லாத இரண்டு பேர், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைப்பதற்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிச் சேர்கிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும். அந்த ஒரு பொய்யிலிருந்து எல்லாச் சண்டையும் முளைக்கிறது. வெளியிலிருந்து யாரும் வந்து எதையும் கலைக்க வேண்டியதில்லை. எழுபது வருடம் கழித்தும் அது சலிக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்கும் தோன்றுகிறது.

ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை என் முறை வந்தது. ஊரிலிருந்து அம்மா அந்தப் பருவத்தின் கடைசிப் பலாப்பழத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். சுளையெல்லாம் மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது, கொட்டைகள் மிச்சம். ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டு, இரும்புச் சட்டியில் கொட்டி, மூடி வைத்து வறுத்தேன். கீறாமல் போட்டால் வெடித்து மூடியையே தூக்கிவிடும். மேல்தோல் கருகி, உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் விரலில் ஒட்டும்போது சூட்டோடு உரித்து உப்புத் தொட்டுத் தின்ன வேண்டும். ஆறினால் மாவு மாதிரி ஆகிவிடும்.

நான் எடுத்த படம் 'காதலிக்க நேரமில்லை'. 1964இல் ஸ்ரீதர் எடுத்தது, வண்ணப் படம். அவருடன் சேர்ந்து எழுதியவர் சித்ராலயா கோபு. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாகப் பாலையா, படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். வேலையை விட்டு நீக்கப்பட்ட அசோக்காக ரவிச்சந்திரன். அவன் முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்டுப் பாட்டுப் பாடுகிறான். வெளியே ஆடிக் காற்று ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் இடம் வந்ததும் தென்காசிக்காரி சிரித்த சிரிப்பில் கொட்டைத் தட்டு கவிழ்ந்தது. எல்லாவற்றிலும் குறை காண்கிறவள் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் அக்கா, "அந்த வீடு ஆழியாறுல இருக்கு. இங்கேர்ந்து ரெண்டு பஸ்தான்" என்றார்.

மணி பன்னிரண்டு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேறென்ன யோசிக்க இருக்கிறது?

காலை ஆறரைக்கு உக்கடத்தில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். கிணத்துக்கடவு தாண்டும்போதே காற்றின் குணம் மாறிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை இந்தப் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாயாக வழிவிட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாக நேராக உள்ளே வந்துவிடும். சென்னையில் ஆடி மாதம் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது இங்கே சால்வை தேட வேண்டியிருப்பது அதனால்தான். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கும் இதுதான் அறுவடைக் காலம். பஸ்ஸில் எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். தென்காசிக்காரி மட்டும் தன் பக்கத்து ஷட்டரை ஏற்றிவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். பின் இருக்கைக்காரர் இரண்டு தடவை இருமிக் காட்டியும் அவள் திரும்பவில்லை.

பொள்ளாச்சியில் இறங்கி இட்லி சாப்பிட்டு, ஆழியாறுக்கு அடுத்த பஸ். இருபத்து நாலு கிலோமீட்டரும் தென்னந்தோப்புதான். அடர்த்தியான பச்சைக்கு நடுவில் சட்டென்று ஒரு திருப்பத்தில் மலை எழுந்து நிற்கும், பாதிக்கு மேல் மேகம். அந்த மலைமேல்தான் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போக வேண்டும். ஒன்பதாவது வளைவில் இருந்து பார்த்தால் அணை முழுக்கத் தெரியும், வரையாடுகளும் கண்ணில் படும். ஆனால் எங்களுக்கு அன்று மலை வேண்டியிருக்கவில்லை, வீடுதான் வேண்டும்.

அணைக்கு முன்னால் வண்டியில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தோம்.

"எந்தப் பங்களாவுங்க அம்மிணி?"

அக்கா படத்தின் பெயரைச் சொன்னார்.

"அட, நாகேசு படமுங்களா! அதா, அந்தப் பக்கம் தெரியுதில்லீங்க, அதுதானுங்க. உள்ள உடமாட்டாங்க. வெளிய நின்னு பாத்துக்கலாமுங்க."

அரசு விருந்தினர் மாளிகை. உள்ளே போக நாங்களும் கேட்கவில்லை. மழையில் நனைந்த மரங்களுக்கு நடுவே அதைப் பார்த்தபடி நின்றோம். படத்தில் இருந்த அந்தப் பளபளப்பு இருக்காது என்று தெரிந்தேதான் வந்தோம். படம் எடுத்த காலத்தில் இந்த அணையே புதுசு. இன்று மரமெல்லாம் வளர்ந்து, ஊரும் வளர்ந்துவிட்டது. இருந்தாலும் மதுரைக்காரி கையை நீட்டி, "கூடாரம் அங்கிட்டுத்தான் போட்டுருப்பாய்ங்க" என்று ஓரிடத்தைக் காட்டியதும் எங்கள் நால்வருக்கும் அந்தக் கூடாரம் தெரிந்தது. ரவிச்சந்திரன் கொடி பிடித்து நிற்கிறார், மாடியில் பாலையாவுக்கு முகம் சிவக்கிறது.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தப் படத்தை நினைத்தால் எனக்கு முதலில் காதலர்கள் நினைவுக்கு வருவதில்லை. அப்பாவும் மகனும்தான் வருகிறார்கள். அந்தக் கதை சொல்லும் காட்சியில் காதலும் இல்லை, காதலியும் இல்லை. ஒருவர் வாயாலேயே எல்லாச் சத்தமும் எழுப்பிப் பேய்க்கதை சொல்கிறார், இன்னொருவர் உட்கார்ந்து பயப்படுகிறார். அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"அதுலயும் பாலையாவைப் பாருடி" என்றார் அக்கா. "கதை சொல்றது யாரு வேணும்னாலும் சொல்லிடலாம். கேக்கறதுக்குத்தான் ஆள் வேணும். அந்த மனுஷர் பயப்படலேன்னா நாகேஷ் என்ன பண்ணியிருப்பார்?"

நல்ல காதல் காமெடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் காதலர்களைச் சுற்றி நாலு பேர் இருக்கிறார்கள். கடன் கொடுக்கிறவர், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர், ராத்திரி முழுக்கப் புலம்பலைக் கேட்கிறவர். அவர்கள் இல்லாத படத்தில் காதல் மட்டும் தனியாக நிற்கிறது, சிரிப்பு வருவதில்லை. காதலர்களை மட்டும் நம்பி எடுக்கிற இன்றைய படங்கள் பல எனக்குப் பாதியிலேயே அலுத்துவிடுவதும் அதனால்தான்.

பிறகு அணைக்கு வந்தோம். முழுக் கொள்ளளவு 120 அடி. தண்ணீர் நன்றாகவே ஏறியிருந்தது. ஆளுக்கொரு பொரித்த மீன் வாங்கினோம், வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். மசாலா கறுத்து, ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே வெள்ளையாக ஆவி பறந்தது. அக்காவுக்கு மிளகாய் பஜ்ஜி. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. குடையைப் பிரித்தால் நின்றுவிடும், மடக்கினால் தொடங்கிவிடும்.

"இதுல்லா சாரல்" என்று தென்காசிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க ஊர்ல ஆனி, ஆடியில வெயில் அடிச்சுக்கிட்டே தூறும். சட்டை நனையாது, ஆனா முடியெல்லாம் பூத்தாப்புல இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா சைக்கிள்ல வச்சு ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போவாவ. குளிச்சுட்டு நடுங்கிக்கிட்டே சூடா பரோட்டா."

மதுரைக்காரிக்குச் சித்திரைதான். எங்களுக்கெல்லாம் வெயில் என்றாலே பயம், அவளுக்கு அது திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவில் நின்று நனைவது, அப்புறம் தலை காய்வதற்குள் ஒரு ஜிகர்தண்டா. "அந்த வெயிலு இல்லாட்டி அந்தத் தண்ணி ருசிக்காதுடி" என்றாள். நான் பலாவைச் சொன்னேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அப்பா பழத்தைப் பிளக்க, வாசலுக்கு வெளியே போகிறவர்கூட வாசனைக்கு நின்று ஒரு சுளை வாங்கித் தின்றுவிட்டுப் போகும் மதியங்களை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மார்கழியைச் சொன்னார். விடியற்காலை நாலரைக்கு வாசல் தெளிக்கும்போது கை விறைத்துப் போவது, கோலத்தின் நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ வைப்பது, கோயிலில் தொன்னையில் கொடுக்கும் வெண்பொங்கல். "தொன்னை அடியில நெய் ஊறியிருக்கும் பாரு, கடைசி வாய். அதுக்காகத்தான் நான் எழுந்திருப்பேன்." திருமணமாகி, அந்த வாழ்க்கை சரிவராமல், தனியாகக் கோவைக்கு வந்தவர் அவர். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கிளறுவதில்லை. ஆனால் சனிக்கிழமைப் படங்களில் கல்யாண மண்டபம் வரும்போது எங்களில் ஒருத்தி எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அவருடைய பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். அன்று பேச்சு மார்கழியில் நின்றதும் தென்காசிக்காரி சட்டென்று எழுந்தாள்.

"அக்கா, நீங்க பாலையா. நான் செல்லப்பா. உக்காருங்க, கதை சொல்லுதேன்."

அணைக்கரைப் படிக்கட்டில் அக்காவை உட்கார வைத்தாள். துப்பட்டாவைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு மாடி வீடு. ராத்திரி மணி பன்னெண்டு. நாலு பொண்ணுங்க தூங்குதாங்க. வெளிய காத்து... ஊஊஊ..."

"ம்."

"அடுப்படியில ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்ஸ்..."

"கேஸா?" அக்கா கண்ணை அகல விரித்தார்.

"கேஸ் இல்ல. சிலிண்டர் தீந்து ரெண்டு நாளாச்சு. கடைசியா வந்தவ எந்திரிச்சுப் போறா. கூடத்து விளக்கைப் போடுதா. எரியல. கதவு... க்ர்ர்ர்..."

அக்கா நிஜமாகவே என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துப் படியில் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துச் சிறுவன் நகர்ந்து நகர்ந்து எங்கள் அருகில் வந்துவிட்டான். ஐஸ் உருகி அவன் முழங்கை வரை ஓடியது, அவனுக்குத் தெரியவில்லை.

"அடுப்படியில யாரோ நிக்கா. முதுகு மட்டும்தான் தெரியுது. மெல்ல்ல்லத் திரும்புதா..."

அந்த நேரத்தில்தான் காற்று வந்தது. மதுரைக்காரி கையிலிருந்த குடை படாரென்று தலைகீழாக விரிந்தது, சிறுவன் வீறிட்டான், அக்கா அவனைவிடச் சத்தமாக வீறிட்டார். அதற்குப் பின்னாலேயே மழை. இது சாரல் இல்லை, சரியான மழை. இலையையும் செருப்பையும் அள்ளிக்கொண்டு சோளக்கார வண்டியின் தார்ப்பாய்க்கு அடியில் ஓடி ஒதுங்கினோம். பெரியவர் சிரித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தார். அரை மணி நேரம் அந்தக் கரியடுப்பின் சூட்டில் நின்று நான்கு சோளம் தின்றோம். மஞ்சள் பல்பல்லாக, எலுமிச்சையும் உப்பும் தேய்த்தது. அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது பொள்ளாச்சியில் இளநீர் குடித்தோம். அப்புறம் கோவை பஸ். இருட்டிவிட்டது. ஷட்டர்கள் இறங்கியிருந்தன, ஈரத்துணி வாசனை. தென்காசிக்காரி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கிணத்துக்கடவு விளக்குகள் கடக்கும்போது முன் இருக்கையிலிருந்து அக்கா திரும்பினார்.

"ஏண்டி, அந்த அடுப்படியில நின்னது யாரு?"

தென்காசிக்காரி கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே உதட்டைக் குவித்து, "ஸ்ஸ்ஸ்ஸ்..." என்றாள்.