பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா?

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பிஸ்கட் டின் ஒன்றினுள் பழைய நாளிதழில் சுற்றப்பட்டு அலமாரியின் மேல்தட்டில் கிடந்த பொம்மை நீராவி எந்திரத்தை, தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டை விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் நான் வெளியே எடுத்தேன். மேனேஜர் குடும்பம் பங்களாவைக் காலி செய்தபோது விட்டுச்சென்ற சாமான்களோடு அது அப்பாவின் கைக்கு வந்திருந்தது. அப்பா அப்போது செம்பனை (பாமாயில்) ஆலையில் பாய்லர்மேன். செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து நீராவி எழுப்பும் இராட்சத பாய்லரைப் பகலிரவாகக் காத்தவருக்கு, தேநீர்க் குவளை அளவுகூடத் தண்ணீர் பிடிக்காத ஒரு பாய்லரைக் கொடுக்க யாருக்குத் தோன்றியதோ! பிள்ளைகளாகிய நாங்கள் அதைத் தொட அவர் ஒருநாளும் விட்டதில்லை.

அது மாமோட் எந்திரம். ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் 1937-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய நிறுவனம் அது. மாலின்ஸ், மாடல்ஸ் ஆகிய இரு சொற்களையும் வெட்டி ஒட்டியதே அந்தப் பெயர். 1970களின் பிற்பகுதியில் அவர்கள் திட எரிபொருள் வில்லைகளுக்கு மாறினார்கள். என்னுடையதில் இருப்பதோ ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் திரி விளக்கு. ஆகவே அது அந்த மாற்றத்துக்கு முந்தையது என்று கொள்கிறேன்.

பித்தளை பாய்லர் முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அம்மா குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளியைக் கரைத்துத் தேய்த்ததில் வெளிப்புறம் ஒரே மாலையில் துலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே படிந்திருந்த சுண்ணாம்பை எடுப்பதற்காக வினிகரை ஊற்றி, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில், வினிகர் கசிந்து வழிந்த இடமெல்லாம் பித்தளை வெளிர்சிவப்பாக மாறியிருந்தது. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மேலே தங்கும். அந்தக் கறை இன்றும் இருக்கிறது. அடித்தட்டின் சிவப்பு வர்ணம் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் அதை நான் மாற்றவில்லை. புது வர்ணம் பூசிய பழைய எந்திரத்தைப் பார்த்தால், தலைக்கு மை பூசிக்கொண்ட கிழவர் நினைவுதான் எனக்கு வருகிறது.

கெட்டிப்பட்ட எண்ணெயில் பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. மூன்று நாள் டீசலில் ஊறவைத்ததும் விரலால் தள்ளவே நகர்ந்தது. உண்மையான தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது.

இந்த வகை எந்திரத்தில் சிலிண்டருக்குள் நீராவியை விடவும் வெளியேற்றவும் தனி வால்வு கிடையாது. சிலிண்டரே ஓர் ஆணியை அச்சாகக் கொண்டு ஊஞ்சல்போல் இப்படியும் அப்படியும் ஆடும். அதன் பக்கவாட்டிலுள்ள ஒற்றைத் துளை, எதிரே அசையாமல் நிற்கும் பித்தளைக் கட்டையின் இரு துளைகளில் ஒன்றோடு ஒருமுறையும் மற்றதோடு மறுமுறையும் பொருந்தும். ஒன்றின் வழியே நீராவி உள்ளே வந்து பிஸ்டனைத் தள்ளும். மற்றதன் வழியே வெளியேறும். இரு பித்தளை முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருப்பது ஒரு சிறிய ஸ்பிரிங் மட்டுமே. நீராவிக் குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை, சிலிண்டரின் பக்கத்தில் வைத்திருந்த கட்டைவிரலில் காற்று சில்லென்று பட்டது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, கடினமான வேறொன்றை மாட்டி முறுக்கினேன். கசிவு குறைந்தது, ஆனால் உராய்வு கூடிச் சக்கரத்தைக் கையால் சுற்றுவதே கடினமாயிற்று. இப்படி இரண்டு வாரம் வீணானது.

குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை, முகத்தில் இருந்தது. சிலிண்டர் முகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டேன். கண்ணாடித் துண்டின்மேல் 1200 எண் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, நனைத்து, எட்டு வடிவில் பத்து முறை தேய்த்துத் திருப்பிப் பார்த்தேன். ஓரங்களில் கோடுகள் அழிந்திருந்தன. துளையைச் சுற்றி மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தன. அதாவது, அந்த இடம் குழிந்திருந்தது. அழுத்தாமல், விரல் நுனியின் பாரம் மட்டும் படும்படி, கடைசிக் கோடு மறையும்வரை தேய்ப்பதற்கு மூன்று மாலைகள் பிடித்தன. எதிர்க்கட்டைக்கும் அதே வைத்தியம். பழைய ஸ்பிரிங்கையே மாட்டி மறுபடி ஊதியபோது, சக்கரம் நான் மூச்சு வாங்கும்வரை சுற்றியது.

தீ மூட்டுவதற்கு முன் பாய்லரைச் சோதிக்க வேண்டும். சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்க்கலாமே என்று சொன்னேன். அப்பா தலையசைத்து மறுத்துவிட்டார். அடைபட்ட காற்று சுருங்கியிருக்கும். தகடு பிய்ந்தால் வெடிக்கும். தண்ணீர் சுருங்காது; கசிந்தால் ஒரு சொட்டு வழிவதோடு சரி. ஆலையிலும் பாய்லர் முழுக்கத் தண்ணீரை நிரப்பித்தான் அழுத்தம் ஏற்றிச் சோதிப்பார்களாம். அப்படியே செய்தோம், ஒரு சொட்டும் வழியவில்லை.

எண்பதை நெருங்கும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். நான் தீப்பெட்டியை எடுத்ததும், “பாய்லர்ல தண்ணி பாத்தியா?” என்றார். பார்த்தேன் என்றேன். “எவ்வளவு இருக்கு?” முக்கால் பாகம் என்றேன். அதற்குப் பிறகுதான் உரசவிட்டார். நச்சரிக்கிறாரே என்று முதலில் தோன்றியது. அவர் கேட்டதில் கணக்கு இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சுமார் 1 பார் அழுத்தத்தில் இந்த பாய்லரின் நீர் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இதன் இரு முனைத் தட்டுகளையும் பிடித்திருக்கும் ஈயப்பற்றோ 190 டிகிரிக்குள் இளகிவிடக்கூடியது. தண்ணீர் இருக்கும்வரை தகடு அந்தச் சூட்டை எட்டாது. வற்றினால் சில நிமிடங்களில் தட்டு கழன்றுவிடும்.

பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. சில நிமிடங்களில் குழாய் சீறியது. சிலிண்டரிலிருந்து முதலில் வெந்நீர்தான் துப்பியது. சக்கரத்தை விரலால் இரண்டு முறை தட்டிவிட்டேன். மூன்றாவது தட்டுக்குத் தேவையில்லாமல் அது தானாகவே பிடித்துக்கொண்டு, ஆரக்கால்கள் தெரியாத வேகத்தில் ஓடத் தொடங்கியது. சூடான எண்ணெயும் நீராவியும் கலந்த வாசனை திண்ணை முழுவதும் பரவியது. வேலை முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் நான் சிறு வயதில் முகர்ந்த வாசனை அது.

ஓட்டம் ஒன்பதாவது நிமிடத்தைத் தாண்டியபோது அப்பா தாமே விளக்கை உருவி அணைத்தார். ஆறிய பிறகு திறந்து, மீதித் தண்ணீரைக் கிண்ணத்தில் கொட்டிப் பார்த்தோம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருந்தது. “எட்டு நிமிசத்துக்கு மேல ஓட்டாதே” என்று சொல்லிவிட்டு, பழந்துணியால் சக்கரத்தில் தெறித்திருந்த எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினார். விசில் வால்வு இன்னும் கசிகிறது. அதை அடுத்த வாரம் கழற்றப் போகிறேன்.