சினிபெஞ்ச் ஸ்கோர் மட்டும் போதாது, வாட்டையும் கேளுங்கள்

கணினிக்கு இன்டெல் சிப்பா, ஏஎம்டி சிப்பா என்று யாராவது கேட்டால் உடனே சினிபெஞ்ச் போன்ற ஒரு பெஞ்ச்மார்க் (சிப்பின் வேகத்தை அளக்கும் சோதனை) படத்தை அனுப்பிவிடுகிறார்கள். எந்தப் பட்டை நீளமோ அதுதான் நல்ல சிப் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஸ்கோர் எத்தனை வாட்டில் வந்தது, எவ்வளவு நேரம் ஓட்டினார்கள், மெமரி எந்த வேகத்தில் இருந்தது என்ற மூன்றும் தெரியாமல் இரண்டு கம்பெனி சிப்புகளை ஒப்பிடவே கூடாது. இதில் அதிகம் ஏமாற்றுவது வாட்தான்.

கோர் ஐ9-13900கே சிப்புக்கு இன்டெல் 125 வாட் என்று போட்டிருக்கும். அது அடிப்படை மின்திறன் மட்டும். டர்போவில் (சிப் உச்ச வேகத்துக்கு ஏறும்போது) 253 வாட் வரை போகலாம் என்று அதே கம்பெனிதான் சொல்கிறது. ரைசன் 9 7950எக்ஸுக்கு ஏஎம்டி போட்டிருப்பது 170 வாட். உண்மையில் சாக்கெட் (போர்டில் சிப் பொருந்தும் இடம்) வழியாக அது எடுத்துக்கொள்ள அனுமதி 230 வாட் வரை. இந்த வரம்புக்குப் பிபிடி என்று பெயர். ஏஎம்5 சாக்கெட்டில் பெரும்பாலும் டிடிபியை (ஏஎம்டி சிப்புக்குப் போடும் வாட்டை) 1.35 ஆல் பெருக்கினால் பிபிடி கிடைத்துவிடும்: 65க்கு 88, 105க்கு 142, 120க்கு 162. ஆக, 125ஐயும் 170ஐயும் வைத்து "ஒரு வாட்டுக்கு இத்தனை ஸ்கோர்" என்று கணக்குப் போட்டால் விடை தலைகீழாக வரும்.

இதற்கு மேல் மதர்போர்டுக்காரர்களின் வேலை இருக்கிறது. இன்டெல் சிப்புகளுக்கான இசட்690, இசட்790 போர்டுகள் பல, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வரம்பு நீக்கிய நிலையில்தான் வந்தன. பயாஸில் (போர்டின் அமைப்பு மெனுவில்) பிஎல்1, பிஎல்2 என்ற நீண்டநேர, குறுகியநேர வாட் வரம்புகள் இரண்டிலும் 4096 என்று இருந்தால் வரம்பே இல்லை என்று அர்த்தம். நல்ல கூலர் இருந்தால் 13900கே அப்போது 300 வாட்டையும் தொடும்; 100 டிகிரி வந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகள் நிலையாக ஓடாமல் கிராஷ் ஆகும் பிரச்சினை பெரிதான பிறகு, 2024இல் இன்டெல் தன் இயல்பு அமைப்பையே பின்பற்றச் சொன்னது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் உள்நிரல்) அப்டேட்டுகளும் வந்தன. அதனால் 2022, 2023இல் வரம்பில்லாமல் எடுத்த ஸ்கோரை, இன்றைய பயாஸ் போட்ட கணினியில் எதிர்பார்க்க வேண்டாம். ரிவ்யூவின் தேதியைப் பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

அடுத்து ஓட்டும் நேரம். சினிபெஞ்ச் ஆர்23 இயல்பாகவே 10 நிமிடம் ஓடும். அதை ஆஃப் செய்தால் ஒரே ஒரு ரெண்டரோடு (ஒரு 3டி படத்தைக் கணக்கிட்டு வரைவதோடு) முடிந்துவிடும். வேகமான சிப்பில் ஒரு ரெண்டர் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால், கூலர் சூடேறுவதற்கு முன்பே ஸ்கோர் வந்துவிடுகிறது. லேப்டாப்பில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. ஒரே பெயருள்ள சிப்பை ஒரு லேப்டாப் 28 வாட்டில் ஓட்டும், இன்னொன்று 60 வாட்டில் ஓட்டும். சிப்பின் பெயரை மட்டும் போட்ட லேப்டாப் ஸ்கோரை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பதிப்பையும் கவனியுங்கள். 7950எக்ஸ் ஆர்23இல் சுமார் 38,000 எடுக்கும், சினிபெஞ்ச் 2024இல் 2,000ஐ ஒட்டித்தான் எடுக்கும். அளவுகோலே வேறு. இன்னொரு சோதனையான கீக்பெஞ்ச் 5இல் கோர் ஐ3-8100க்கு 1000 என்று வைத்து மற்றவற்றை அளந்தார்கள். 6இல் கோர் ஐ7-12700க்கு 2500. தவிர, கீக்பெஞ்ச் 6 மல்டி-கோரில் எல்லாக் கோர்களும் ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்கின்றன. அதனால் கோர் எண்ணிக்கை இரட்டித்தாலும் ஸ்கோர் அந்த அளவுக்கு ஏறாது. அன்றாட மென்பொருள்களும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கின்றன என்பதால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஸ்கோர் சரியாகவே எடுக்கப்பட்டிருந்தாலும் அது உங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிறதா என்பது தனிக் கேள்வி. ரைசன் 7 7700எக்ஸ், 7800எக்ஸ்3டி இரண்டுக்கும் 8 கோர், ஒரே ஜென் 4 வடிவமைப்பு. முன்னதன் உச்ச வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி. பின்னதற்கு 5.0 கிகாஹெர்ட்ஸ், 96 எம்பி. சினிபெஞ்சில் 7700எக்ஸ் முந்தும். அந்த ரெண்டருக்குக் கூடுதல் கேஷால் பெரிய லாபமில்லை, கிளாக் வேகம்தான் பேசும். கேம்களில் இது அப்படியே தலைகீழாகிவிடும். கேமின் தரவு மெமரியெங்கும் சிதறிக் கிடப்பதால், ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய்வராமல் கேஷிலேயே எடுக்க முடிவது பெரிய லாபம். சினிபெஞ்ச் பட்டியலை மட்டும் பார்த்து கேமிங் கணினிக்குச் சிப் எடுப்பவர்கள் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள்.

நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் ஸ்கோரை ஏற்றும். சர்வர் சிப்புகளை ஒப்பிடப் பயன்படும் ஸ்பெக் சிபியு 2017இல், இன்டெல் கம்பைலர் ஒரு குறிப்பிட்ட சோதனைக்காகவே தனி உத்தி வைத்திருந்தது என்று சொல்லி, 2024இல் ஸ்பெக் அமைப்பு 2,600க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாதவை என்று குறித்தது. சொந்த நிரலில் அந்த வேகம் கிடைக்காது என்பதே காரணம்.

நீங்களே அளப்பதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு போர்டுகளிலும் புதிய பயாஸ் போடுங்கள். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை (இன்டெலில் எக்ஸ்எம்பி, ஏஎம்டியில் எக்ஸ்போ) ஆன் செய்து, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைச் சரிபாருங்கள். 6000 ரேம் வாங்கிவிட்டு 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பிறகு இரண்டையும் ஒரே வாட்டுக்குக் கட்டுங்கள். இன்டெலில் பிஎல்1, பிஎல்2 இரண்டும் 142. ஏஎம்டியில் பிபிஓ என்ற மின்வரம்பு மெனுவில் பிபிடி 142. சில பயாஸில் அந்தக் கட்டம் மில்லிவாட்டில் கேட்கும், 142000 என்று அடிக்க வேண்டும். 142 என்று அடித்துவிட்டு சிப் படுத்துவிட்டதே என்று திகைக்காதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்துவைத்து, ஓட்டம் முழுவதும் பேக்கேஜ் பவரும் (சிப் முழுவதும் எடுக்கும் வாட்) வெப்பநிலையும் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். 2 சதவீத வித்தியாசத்தை வெற்றி என்று சொல்லாதீர்கள், அதே கணினி இரண்டு முறை ஓடினாலே அவ்வளவு மாறும்.

அறை வெப்பத்தையும் எழுதிவையுங்கள். 22 டிகிரி அறையில் 85 காட்டிய சிப், அதே வாட்டில், சென்னையின் மே மாத 36 டிகிரி அறையில் 99ஐ ஒட்டி நிற்கும். 95இல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் 7950எக்ஸ் போன்ற சிப் அங்கே கிளாக்கைக் குறைத்துவிடும், ஸ்கோரும் இறங்கும். ஏசி போட்ட லேப் எண்ணோடு உங்கள் எண் ஒத்துப்போகவில்லை என்றால் சிப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

கேமுக்கு அளந்தால் கையிலிருக்கும் மிக வேகமான கிராபிக்ஸ் கார்டைப் போட்டு 1080பியில் ஓட்டுங்கள். 4கேயில் கார்டுதான் முட்டுக்கட்டை, எந்தச் சிப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். சராசரி எஃப்பிஎஸ்ஸோடு (நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) 1 சதவீத லோவையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) குறித்துக்கொள்ளுங்கள். விளையாடும்போது கையில் உணரும் தடுமாற்றம் அந்த எண்ணில்தான் தெரியும்.