நாலாம் வகுப்பு முடியறதுக்குள்ள: ஒரு 'ப' படுத்தின பாடு

மார்ச் மாசம் எனக்கு மெஷினை விட்டு எழுந்திரிக்க முடியாத மாசம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் போற வழியில எங்க வீடு, முன்னறையில தையல் மெஷின். விஷு, சித்திரைக் கனி, கல்யாண சீசன் எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும். அதனால 2025 மார்ச்சுல பையன்கிட்ட கடைசி பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர்) கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்து அனுப்பினப்போ, போகாம விட்டா என்ன குடியா முழுகிடும்னுதான் நினைச்சேன். ரெண்டு ஜாக்கெட்டை அப்படியே போட்டுட்டுப் போனேன். போகலைன்னா ஜூன் மாசம் அழுதிருப்பேன்.

தெரியாதவங்களுக்காக ஒரு விஷயம். தமிழ்நாட்டுல தொடக்கப்பள்ளின்னா அஞ்சாவது வரைக்கும். கேரளத்துல எல்.பி. ஸ்கூல் நாலாவதோட முடிஞ்சிரும். அஞ்சாவதுக்கு டி.சி. வாங்கிட்டு யு.பி. ஸ்கூலுக்குப் போகணும். ஸ்கூல் மார்ச் 31-ல அடைச்சா ஜூன்லதான் திறப்பு. ரெண்டு மாசம் இருக்கேன்னு தோணும். ஆனா அந்த ரெண்டு மாசமும் ஸ்கூல்ல ஆள் இருக்க மாட்டாங்க, அதுதான் சிக்கலே. எங்க ஸ்கூல் தமிழ் மீடியம், சின்னது, கிளார்க்கெல்லாம் கிடையாது. எழுத்து வேலை பூரா ஹெச்.எம். டீச்சர் தலையிலதான்.

நோட்டீஸ்ல இருந்ததெல்லாம் வழக்கமான சமாச்சாரம். பரீட்சைப் பேப்பர் பார்க்க வரணும், லைப்ரரி புத்தகம் பாக்கி இருந்தா திருப்பணும், ரிசல்ட் மே மாசம் முதல் வாரம், நாலாவதுக்காரங்க டி.சி.க்கு எழுதிக் கொடுக்கணும். கடைசி வரியில "ஆதார் விவரம் பொருந்தாதவர்கள் தலைமையாசிரியரைச் சந்திக்கவும்"னு இருந்துச்சு. அது வேற யாருக்கோன்னு நினைச்சு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் படிச்ச லிஸ்ட்ல மூணாவது பேரு என் பையன்.

ஹெச்.எம். கம்ப்யூட்டரை என் பக்கமாத் திருப்பிக் காட்டினாங்க. இங்கே பிள்ளைங்க விவரமெல்லாம் சம்பூர்ணாங்கிற சாஃப்ட்வேர்ல இருக்கும், டி.சி.யும் அதிலிருந்துதான் வரும். அதுல என் மகன் பேரு இங்கிலீஷ்ல கே, ஏ, பென்சிலுக்குப் போடற பி, ஐ-னு போகுது. ஆதார்ல பி-க்குப் பதிலா அந்த இன்னொரு பி, பஸ்ஸுக்குப் போடற பி. கபிலன்னுதான் நாங்க வெச்ச பேரு. தமிழ்ல ஒரே ப, நடுவுல வந்தா தானா மெத்துன்னு ஒலிக்கும். மலையாளத்துல ரெண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஒண்ணாம் வகுப்புல சேர்த்தப்போ இருந்த டீச்சர் மலையாளி. அவங்களுக்குக் கபில முனிவர்னா அழுத்தமான ப-தான், அப்படியே எழுதிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நாலு வருஷமா ப்ராக்ரஸ் கார்டுல கையெழுத்துப் போட்ட எனக்குக் கண்ணு எங்கே போச்சு?

"இதை இப்படியே விட்டா டி.சி.லயும் இந்தப் பேருதான் வரும். பத்தாவது சர்ட்டிஃபிகேட் வரைக்கும் பின்னாலயே வரும் பாத்துக்கோங்க"ன்னாங்க ஹெச்.எம்.

மறுநாளே அக்ஷயா சென்டருக்கு, அதாவது இங்கத்த இ-சேவை மையத்துக்கு, ஓடினேன். அங்கிருந்த பையன் ரெண்டையும் பார்த்துட்டு, "மேட்ச் ஆவுன்னில்லல்லோ சேச்சி"ன்னு சிரிச்சான். ஸ்கூல் ரெக்கார்டை மாத்தறது இழுக்கும், ஆதாரை ஸ்கூல் பேருக்கு மாத்திடலாம், சீக்கிரம் வேலை முடியும்னு சொன்னான். நானும் சரின்னுட்டேன். பிறப்புச் சான்று கேட்டான், வீட்டுல இருக்குன்னு திரும்பி வந்தேன். வந்தது நல்லதாப் போச்சு. வீட்டுக்காரர் பால் சொசைட்டியிலிருந்து வந்து கேட்டுட்டு, "சட்டை சேரலைன்னா ஆளையா வெட்டுவ?"ன்னார். எனக்கே என் தொழில்ல இருந்து ஒரு கொட்டு.

அவர் சொன்னது நியாயம். பிறப்புச் சான்றும் ஆதாரும் ஒண்ணா இருக்கு. ஸ்கூல் மட்டும்தான் தனியா நிக்குது. ஆதார்ல பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் மாத்த விடுவாங்க. அதுல ஒண்ணைத் தப்பான பேருக்காகச் செலவழிச்சிட்டு, அப்புறம் பிறப்புச் சான்றோட பொருந்தலைன்னு இன்னொரு இடத்துல நிக்கணும். எல்லாத்துக்கும் வேர் பிறப்புச் சான்றுதான். என் நாத்தனார் கைக்குழந்தைக்கு இன்னும் கெட்டி: 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்று ஒண்ணுதான்னு சட்டமே வந்தாச்சு. அதனால சான்று கைக்கு வந்ததுமே அந்தப் பேரை எழுத்து எழுத்தாப் பாருன்னு அவளுக்குச் சொல்லியிருக்கேன்.

பீரோவிலிருந்து சான்றை எடுத்தா, அங்கே என் புத்திசாலித்தனம் பல்லை இளிச்சுது. தலைப்பிரசவம் அம்மா வீட்டுல, பொள்ளாச்சி பக்கம். அந்தச் சான்றைப் பத்திரமா இருக்கட்டும்னு அப்பவே லேமினேஷன் போட்டு வெச்சிருந்தேன். வருஷம் ஆக ஆக பிளாஸ்டிக் உப்பி, உள்ளே காத்து புகுந்து, ஜெராக்ஸ் எடுத்தா வெள்ளைக் கோடு விழுது. எங்கே விழுதுங்கறீங்க? சரியா அந்த ப மேலேயே. மூணு கடையில எடுத்துப் பார்த்தாச்சு. கடைசியில ஒரு பஸ் பிடிச்சு, பிறந்த ஊர் நகராட்சியில எழுதிக் கொடுத்து, புதுப் பிரதி வாங்கிட்டு வந்தேன். ஒரு நாள் கூலி போச்சு. புது பிரதியைக் கண்ணாடிக் கவர்ல சொருகி வெச்சிருக்கேன், இந்தத் தடவை லேமினேஷன் கிடையாது.

மார்ச் கடைசி வேலை நாளன்னிக்கு விண்ணப்பம், சான்று நகல், ஆதார் நகல் மூணையும் ஹெச்.எம். கையில கொடுத்தேன். அதை மேல ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) ஆபீஸுக்கு அனுப்பி அங்கிருந்து உத்தரவு வந்தாத்தான் ரெஜிஸ்டர்ல கை வைக்க முடியும்னாங்க. அப்போ அவங்க இன்னொண்ணும் கேட்டாங்க, அது இன்னும் மனசுல நிக்குது.

"பெரியவன் போறான், சரி. சின்னவளையும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

காரணம் ஆறாம் வேலை நாள். ஸ்கூல் திறந்து ஆறாவது வேலை நாள்ல எத்தனை பிள்ளைங்கன்னு எண்ணி, அந்தக் கணக்குலதான் டீச்சர் போஸ்ட் நிர்ணயம் பண்ணுவாங்க. ஆதார் சரியா இருக்கிற பிள்ளைங்கதான் கணக்குல வரும்னு அப்போ சொன்னாங்க. சின்ன தமிழ் மீடியம் ஸ்கூல்ல நாலு பிள்ளை குறைஞ்சா ஒரு டீச்சருக்கு வேலை ஆட்டம் காணும். ஆதார் ஆதார்னு அவங்க நம்ம உயிரை எடுக்கறதுக்குப் பின்னால இதுவும் இருக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

கூட்டிட்டுப் போற யோசனை வீட்டுல இருந்தது நிஜம். மச்சாண்டார் பொள்ளாச்சியில இருக்கார். பையனை அங்கே கொண்டு வந்து சேருங்கன்னு ஒரே பிடியா நின்னார். அவர் சொன்ன கணக்கும் பொய்யில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் படிச்சா மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. காலேஜ் போனா பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1000 ரூபாய், பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்லயே படிச்சாலும் இதெல்லாம் நமக்கு இல்லை. எனக்கு அது ஒரு மனக்குறைதான், மறைக்கலை. ஆனா ஒன்பது வயசுப் பையனை சொந்தக்காரங்க வீட்டுல விட மனசு வரலை. தினமும் செக்போஸ்ட் தாண்டி அனுப்பவும் தைரியமில்லை. அப்போ என் மாமியார்தான் கவனிச்சுச் சொன்னாங்க: "அந்தக் கணக்கெல்லாம் ஆறாவதுல இருந்துதானே அம்மிணி. அஞ்சை இங்கேயே படிக்கட்டும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்." எட்டாவது வரைக்கும் படிச்ச அம்மா. வீட்டுல வேற யாருக்கும் அது தோணலை.

ஏப்ரல் சும்மா போச்சு. வெயில்னா வெயில், பாலக்காட்டு வெயில். மச்சாண்டார் பிள்ளைங்க அங்கே பரீட்சை எழுதிட்டிருந்தப்போ எங்க வீட்டு ரெண்டும் நுங்கு சீவித் தின்னுட்டுத் தோப்புல கிடந்துச்சு. நான் ரெண்டு தடவை ஸ்கூல் வரைக்கும் போய்ப் பூட்டைப் பார்த்துட்டு வந்தேன். அப்புறம்தான் ஹெச்.எம்.முக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போகணும்ங்கற அறிவு வந்துச்சு.

நடுவுல புத்தகம். கபிலனோட ரெண்டாவது புத்தகத்தையெல்லாம் அட்டை போட்டுச் சின்னவளுக்காக எடுத்து வெச்சிருந்தேன். பூராவும் வீண். கேரளத்துல 2024-ல 1, 3, 5, 7, 9 வகுப்புக்குப் புத்தகம் மாத்தினாங்க. 2025-ல 2, 4, 6, 8, 10. அவ ரெண்டாவது போற வருஷம்தான் ரெண்டாவது புத்தகம் மாறுது. ஆனா அஞ்சாவது புத்தகம் அதுக்கு முந்தின வருஷமே மாறிட்டதால, பக்கத்து வீட்டுப் பையன் படிச்ச பழசு கபிலனுக்கு அப்படியே ஆச்சு. தமிழ் மீடியம் புத்தகம் வர்றதுக்குள்ள ஒரு மாசம் அதை வெச்சு ஓட்டினோம்.

சின்னவளுக்கு ஸ்கூல்ல கொடுத்த கைத்தறிச் சீருடைத் துணியும் இருந்துச்சு. இதை மட்டும் தையல்காரியாச் சொல்றேன், கேட்டுக்கோங்க. கைத்தறி சுருங்கும். வெட்டறதுக்கு முன்னால ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, பிழியாம நிழல்ல உலர்த்துங்க. பாவாடைக்கு அடியில மூணு இஞ்ச் மடிப்பு விடச் சொல்லுங்க. மடிப்பு ஒரு இஞ்ச்தான் விடுவேன்னு சொல்ற டெய்லர்கிட்ட கொடுக்காதீங்க.

உத்தரவு மே மூணாம் வாரம் வந்தது. ஹெச்.எம். கூப்பிட்டப்போ, வெயில் போய் மழை பிடிச்சிருந்தது. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை மே 24-க்கே கேரளத்துல இறங்கிருச்சு. எங்க கிழக்குப் பக்கம் மேற்கத்தி மழை கொஞ்சமாத்தான் எட்டிப் பார்க்கும், அன்னிக்கு அதுவும் கொட்டுச்சு. காகிதக் கவரைச் சேலைக்குள்ள சொருகிட்டு, ஸ்கூல் வராந்தாவுல நின்னேன். கரண்டு இல்லை. முக்கால் மணி நேரம் கழிச்சு வந்துச்சு. பிரிண்டர்ல இருந்து டி.சி. மெதுவா வெளிய வர்றப்போ நானும் ஹெச்.எம்.மும் சேர்ந்து குனிஞ்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சோம். பேரு. அப்பா பேரு. பிறந்த தேதி. இனிஷியல் பின்னால. எல்லாம் சரி.

"இனி நீங்களே மாத்தினாலும் நான் விட மாட்டேன்"னு சீல் குத்தினாங்க.

ஜூன் 2, திங்கட்கிழமை பிரவேசனோத்சவம், அதான் ஸ்கூல் திறப்பு விழா. அந்த வருஷம் தமிழ்நாட்டுலயும் அன்னிக்கேதான் ஸ்கூல் திறந்தாங்க, காலையில ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் ஒரே நேரத்துக்கு ரோட்டுல. யு.பி. ஸ்கூல்ல பலூனெல்லாம் கட்டி, லட்டு கொடுத்தாங்க. வகுப்புல மலையாள டீச்சர் ஒரு நோட்டுல பேரெல்லாம் எழுதிட்டே வந்தாங்க. நான் ஜன்னலுக்கு வெளியே. கபிலன்கிட்ட வந்ததும் அழுத்தமா ஒரு தடவை சொல்லிக்கிட்டே எழுதப் போனாங்க. எனக்குப் பகீர்னுச்சு. அவன் எழுந்து நின்னான்.

"டீச்சர், பந்து 'ப' இல்லை. பஸ் 'ப'."