வோட்காவுக்கு வாலை வாங்குவதற்கு முன்

வீட்டில் வோட்கா வடிக்கக் கருவி தேடுபவரின் கண்ணில் முதலில் படுவது, வயிறு பருத்துக் கழுத்து வளைந்த பளபளப்பான செப்பு வாலைதான் (வாலை என்பது சாராயம் வடிக்கும் கருவி). பார்க்க அழகானது, விஸ்கிக்கும் பிராந்திக்கும் பொருத்தமானது, வோட்காவுக்கு மட்டும் அது பொருந்தாது. ஊறலின், அதாவது வடிப்பதற்காக நொதிக்கவிட்ட கலவையின், மணமும் சுவையும் ஆவியோடு சேர்ந்து வரவேண்டும் என்பதற்காகவே அமைந்த வடிவம் அது. வோட்காவிலோ அந்த மணத்தைத்தான் கழித்தாக வேண்டும். ஆகவே நான் முதலில் பார்ப்பது கலம் எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதையன்று, அதன் மேல் நிற்கும் நெடுங்குழாயை.

சட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உரிமமின்றிச் சாராயம் வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். நியூசிலாந்து 1996-இல் சொந்தப் பயன்பாட்டுக்கு வடிப்பதை அனுமதித்தது. அத்தகைய நாடுகள் மிகச் சில. வீட்டில் பீரும் வைனும் செய்ய அனுமதி இருப்பதைக் கொண்டு வடிப்பதற்கும் அனுமதி உண்டென்று கொள்ளக் கூடாது. சட்டம் இடங்கொடுக்கும் இடத்தில் வாழ்பவர்களுக்கே இனி வருவதெல்லாம்.

10 சதவீத ஆல்கஹால் உள்ள ஊறலைச் சாதாரண வாலையில் கொதிக்க வைத்தால், முதலில் எழும் ஆவி குளிர்ந்து சுமார் 50 சதவீதத்துக்குச் சற்று மேலான திரவமாகிறது. போகப் போக அதன் செறிவு இறங்கிக்கொண்டே வரும். வோட்காவுக்கான சாராயம் 90 சதவீதத்துக்கு மேல் வடிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் மூலச் சாராயத்துக்கு 96 சதவீதத்தையும், நீர் சேர்த்த பின் விற்கும் வோட்காவுக்குக் குறைந்தது 37.5 சதவீதத்தையும் கேட்கின்றன. சாதாரண வாலையில் திரும்பத் திரும்ப வடித்து மேலேறலாம். ஒவ்வொரு முறையும் பொழுதும் சரக்கும் வீணாகும். நெடுங்குழாயில் இந்த வேலை ஒரே ஓட்டத்தில் நடக்கிறது. உச்சியில் உள்ள சிறு குளிர்விப்பான் ஆவியின் ஒரு பகுதியைத் திரவமாக்கிக் கீழே அனுப்ப, இறங்கும் அத்திரவமும் ஏறும் ஆவியும் வழியெங்கும் உரசிக்கொள்வதால் நீர் கீழேயும் எத்தனால் என்னும் ஆல்கஹால் மேலேயும் பிரிகின்றன. எடையில் 95.6 சதவீதத்தை (மற்ற எண்களைப் போல் கன அளவில் சொன்னால் சுமார் 97) எட்டியதும் எத்தனாலும் நீரும் கொதிநிலை மாறாக் கலவையாகிவிடுவதால், எவ்வளவு உயரமான குழாயும் அதற்கு மேல் பிரிக்காது. ‘நூறு சதவீதத் தூய்மை’ என்று விளம்பரம் செய்யும் வாலையை அங்கேயே விட்டுவிடலாம்.

50 மில்லிமீட்டர் விட்டமும், ஆவியும் திரவமும் உரசிக்கொள்ள உள்ளே இடும் நிரப்பு ஏறத்தாழ 1 மீட்டரும் உள்ள குழாய் வீட்டுக்குப் போதும். நிரப்பாகச் செப்பு வலை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருள், பீங்கான் வளையம் ஆகியவற்றுள் எதையும் இடலாம். என் விருப்பம், பெரும்பகுதி ஸ்டீலும் ஆவி செல்லும் வழியில் ஒரு பகுதி செம்பும். நொதித்தலின்போது பிறக்கும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துக்கொள்கிறது. சில ஓட்டங்களுக்குப் பின் வலையை உருவிப் பார்த்தால் அது கறுத்திருப்பதே அதற்குச் சாட்சி. நிரப்பை இறுக்கித் திணித்தால் திரவம் இறங்க வழியின்றிக் குழாய்க்குள் தேங்கி, உச்சியிலிருந்து கொப்பளிக்கும். குழாய் செங்குத்தாக நிற்பதும் முக்கியம்: சற்றுச் சாய்ந்தாலும் இறங்கும் திரவம் ஒரு பக்கச் சுவரோடு வழிந்துபோய், மறுபக்கம் ஆவி தனியே ஏறிவிடும். தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை நான் விடுவதில்லை.

கலத்துக்கு வருவோம். 30 முதல் 35 லிட்டர் கொள்ளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலத்தில் நுரைக்கு இடம்விட்டு 25 லிட்டர் ஊறலை ஊற்றலாம். 10 சதவீத ஊறலானால் கணக்குப்படி 40 சதவீத வோட்கா 6.25 லிட்டர் கிடைக்க வேண்டும். முதலில் வடியும் தலைப்பகுதியையும் கடைசியில் வடியும் வால்பகுதியையும் ஒதுக்கிய பின் அது கணிசமாகக் குறையும். இதைவிடப் பெரிய கலம் ஒரு குடும்பத்துக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சூட்டுக்கு எரிவாயு அடுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். எத்தனால் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது; ஒரு கேஸ்கெட் கசிந்தாலும் அது தரையோடு படர்ந்து சுடரைத் தேடிப் போகும். காற்றில் 3.3 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஆற்றலைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின் ஹீட்டரே நல்லது. 2 கிலோவாட் ஹீட்டர் 25 லிட்டர் ஊறலைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 1 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகும் பல மணி நேர வேலை இருப்பதால் இந்த நிதானம் ஒரு குறையன்று. ஹீட்டரின் சூடேறும் கம்பி எப்போதும் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும் என்பதால் கலத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பலரும் மறப்பது தண்ணீரை. ஹீட்டர் உள்ளே செலுத்தும் வெப்பம் அவ்வளவையும் குளிர்விப்பான் வெளியேற்றியாக வேண்டும். 2 கிலோவாட்டுக்கு, உள்ளே செல்லும் நீர் 30 டிகிரி சூடேறி வெளிவருமானால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லிட்டர் ஓட வேண்டும். 5 மணி நேரத்துக்கு 300 லிட்டர். குழாயைத் திறந்துவிட்டுச் சாக்கடைக்கு அனுப்ப மனம் வராதவர்கள் பெரிய தொட்டியும் சிறு பம்பும் வைத்து அந்நீரையே சுழலவிடலாம். தொட்டி நீர் வெதுவெதுப்பானால் குளிர்விப்பானின் திறன் சரிந்து, ஆவி திரவமாகாமல் அறைக்குள் வரத் தொடங்கும். ஆகவே தொட்டி பெரிதாக இருப்பது பணத்தைவிடப் பாதுகாப்பைச் சார்ந்த விஷயம்.

இணைப்புகளில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஈயம் கலந்த பற்றவைப்பு, துத்தநாகம் பூசிய குழாய், பழைய வாகன ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு இடமே இல்லை; திருட்டுச் சாராயத்தால் ஈய நஞ்சு ஏறியவர்களின் கதைகள் இவற்றில்தான் தொடங்கின. கேஸ்கெட்டுக்கு ரப்பரைவிட டெஃப்லான் மேலானது. கலத்திலிருந்து குளிர்விப்பான் வழியாக வெளிவாய் வரை ஆவியை முழுதாக அடைக்கக்கூடிய எந்த வால்வும் இருக்கக் கூடாது. அடைபட்ட வாலை வெடிக்கும். வடிந்த சரக்கைப் பிளாஸ்டிக்கில் பிடிக்காமல் கண்ணாடியில் பிடிக்க வேண்டும். தொழிற்சாலை ஸ்பிரிட்டை வாங்கி இதில் வடித்து ‘சுத்தம்’ செய்யலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அதிலுள்ள நச்சான மெத்தனாலை வீட்டு வாலையால் நம்பகமாகப் பிரிக்க முடியாது.

உச்சியில் வைக்கும் வெப்பமானி 0.1 டிகிரி வரை காட்ட வேண்டும். எத்தனாலின் கொதிநிலையான 78 டிகிரியை ஒட்டிய எண் காற்றழுத்தத்துக்கேற்ப மாறும். எண்ணைவிட அது அசையாமல் நிற்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது. சரக்கின் செறிவைக் காட்டும் ஆல்கஹால் மீட்டர் 20 டிகிரி வெப்பத்துக்கு அளவிடப்பட்டது என்பதால் சூடான சரக்கில் மிதக்கவிட்டால் பொய் சொல்லும்.

கரி வடிகட்டியைக் கடைசியில் வாங்கலாம். வேதியியலாளர் டோபியாஸ் லோவிட்ஸ் 1785-இல் கண்டறிந்த கரியின் ஈர்க்கும் குணம் உண்மையானதே. ஆயினும் அவசரமாக வடித்த சரக்கின் வால்பகுதி நெடியைக் கரி முழுதாக எடுத்துவிடாது. இரண்டு மூன்று முறை நிதானமாக வடித்த பிறகும் நெடி மிஞ்சினால், சரக்கில் நீர் சேர்த்து 40 முதல் 50 சதவீதத்துக்கு இறக்கி, தூசு போக நன்றாக அலசிய கரியின் வழியாக மெல்லச் சொட்டவிடலாம்.