ஒரே ஒரு ரிப்போர்ட் இல்லாமல் திரும்பி வந்தேன்

எடை குறைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. எடை இறங்குகிறது, மூட்டு வலி போய்விட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பச்சை அங்கி மாட்டி, கையில் ஊசியும் குத்திய பிறகு "இன்னைக்கு இல்லம்மா, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பினார்களே, அந்தக் காலை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

காணாமல் போனது தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட். தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கப் படுத்து எடுத்தது. அதை எடுத்த இடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். கவுன்ட்டரில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் தலை நிமிராமலே, "எல்லாம் ஃபைல்ல இருக்கும்மா" என்றுதான் பதில். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, மனநல டாக்டர் கையெழுத்து, டயட்டீஷியன் குறிப்பு எல்லாம் இருந்தது. இது மட்டும் இல்லை.

மயக்க மருந்து டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. தூக்கத்தில் மூச்சு அடைக்கிறவர்களுக்கு மயக்க மருந்தும் வலி மருந்தும் சேர்ந்தால் தொண்டை இன்னும் தளர்ந்து மூச்சு நின்றுபோகலாம் என்று உட்கார்ந்து விளக்கினார். மறுநாள் ரிப்போர்ட் கைக்கு வந்தபோது அதில் 'கடுமையான மூச்சுத்தடை' என்றே இருந்தது. தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்க முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபேப் மெஷினை மாட்டித் தூங்கிப் பழகிவிட்டு வரச் சொன்னார்கள். மூன்று வாரம் தள்ளிப்போனது. ரிப்போர்ட் நேரத்துக்கு வந்திருந்தால் அந்தப் பழக்கமெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்கும்.

அதைவிடக் கொடுமை, இரண்டு வாரத் திரவ உணவை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கல்லீரலைச் சுருக்கத்தான் அந்தப் பத்தியம். இரைப்பையின் மேல் அதன் இடப்பக்க மடல் படர்ந்து கிடக்கிறது. கொழுப்பேறிப் பெரிதாக இருந்தால் அதைத் தூக்கிப் பிடித்து வேலை செய்வது சர்ஜனுக்குச் சிரமம். காரணம் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் இரண்டாம் முறை நான்காம் நாள் அடுப்படியில் நின்று அழுதேன்.

தயவுசெய்து ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு நகல் நீங்களே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "அனுப்பிட்டோம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். சீபேப் வைத்திருந்தால் ஆபரேஷனுக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஐந்து சின்னத் துளை. சாயங்காலமே நடக்க வைத்தார்கள். தோள்பட்டையில் ஒரு வலி வந்தது பாருங்கள், நெஞ்சு வலியோ என்று பயந்துபோனேன். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் வருகிற வலி அது, நடக்க நடக்கக் குறைந்தது. ஆனால் அதோடு காய்ச்சல், வயிற்று வலி, நாடி 120-ஐத் தாண்டுவது என்று ஏதாவது சேர்ந்தால் வாயு என்று சும்மா இருக்கக் கூடாது. தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என்னைச் சாய்த்தது தண்ணீர். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்ட பிறகு இரண்டு மடக்கு குடித்தாலே நெஞ்சில் கல் வைத்த மாதிரி நின்றது, அப்புறம் வாந்தி. ஆறாம் நாள் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனது. உதவி எண்ணுக்குப் போன் போட்டால் "கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எவ்வளவு கொஞ்சம் என்று சொல்லவில்லை. மறுநாள் குளியலறையில் கண் இருட்டி விழப் போனேன். தங்கச்சிதான் தாங்கிப் பிடித்தாள். திரும்ப அட்மிஷன், டிரிப். வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் குளுக்கோஸ் ஏற்றும் முன்னாலேயே தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். பல நாள் வாந்தி நீடித்தால் பி1 சத்துக் குறைந்து மூளையே பாதிக்கப்படலாமாம். வாந்தியைச் சாதாரணமாக விடாதீர்கள்.

அங்கேதான் ஒரு நர்ஸ் மருந்து ஊற்றும் சின்னக் கப்பைக் கொண்டுவந்து காட்டினார். முப்பது மில்லி. "இதைக் கால் மணி நேரம் வெச்சுக் குடிங்க. நாக்கை நனைக்கிற மாதிரி." அவ்வளவுதான் விஷயம்! முதல் நாளே யாராவது இதைச் செய்து காட்டியிருந்தால் இரண்டாம் முறை ஊசி குத்தியிருக்க வேண்டாம். வீட்டில் தங்கச்சி நோட்டில் கோடு போட்டு ஒவ்வொரு கப்புக்கும் ஒரு டிக் போட்டாள். "அக்கா, இன்னும் ஒண்ணு" என்று நாள் முழுக்க அவள் குரல்தான். பத்தொன்பதாம் நாள் ஒன்றரை லிட்டர் தொட்டேன். எடை குறைந்ததைக் காட்டிலும் அன்றைக்குத்தான் எனக்குச் சந்தோஷம்.

மசித்த உணவு, மிருதுவான உணவு எல்லாம் படிப்படியாகப் போனது. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். நாளைக்கு 60 கிராம் புரதத்தை எட்டத்தான் இன்னும் போராட்டம். மூன்றாம் வாரம் எடை அசையாமல் நின்றது, அது தானாக நகரும். நான்காம் மாதம் சீப்பு நிறைய முடி வந்தது. இப்போது நெற்றியோரம் குட்டி குட்டியாய் முளைக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரண்டு மணி இடைவெளி வேண்டும். முதுகு வலி என்றதும் மருந்துக்கடையில் இபுப்ரோஃபென் எடுத்துக் கொடுத்தார்கள். இரைப்பையில் புண் வரும் என்பதால் எனக்கு அது கூடாது. நல்லவேளை, கேட்டுவிட்டு வாங்காமல் வந்தேன்.

அடுத்த வாரம் வைட்டமின் பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாம் பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். அதே கவுன்ட்டர்தான். நகல் கைக்கு வரும்வரை அங்கேயே நிற்கப் போகிறேன்.