மியூச்சுவல் டைவர்ஸ்: கோர்ட் படியை விட பேங்க் படி ஏறியதுதான் அதிகம்

எங்கள் விவாகரத்து 2024 தொடக்கத்தில் கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் முடிந்தது. இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து போட்ட மனு. ஏன் பிரிந்தோம் என்பதை எழுதப்போவதில்லை, அது எங்களோடு இருக்கட்டும். வீடு, கடன், நகை, மகள் பெயரில் இருந்த பணம் இதையெல்லாம் எப்படிப் பிரித்தோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன். மனு போடும் யோசனையில் இருக்கும் தோழிகள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை மாசத்துல முடியும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "வீட்டுக் கடன் யார் பேர்ல இருக்கு?"

அவர் பம்ப் கம்பெனியில் பொறியாளர், நான் தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். சரவணம்பட்டி பக்கம் 2016இல் ஒரு ஃபிளாட் வாங்கினோம். பத்திரத்திலும் இரண்டு பெயர், கடனிலும் இரண்டு பெயர். 2022 ஆரம்பத்திலிருந்து நானும் மகளும் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில். அப்போது அவளுக்கு ஆறு வயது.

மியூச்சுவல் என்றால் ஒரே வக்கீல் போதும் என்பார்கள். சட்டப்படி தப்பில்லை, செலவும் மிச்சம். ஆனாலும் நான் தனியாக ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பொதுவான வக்கீல் மனுவைத்தான் எழுதித் தருவார். "இந்த வரி உனக்கு நல்லதில்லை" என்று எனக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

வக்கீலம்மா முதலில் கொடுத்தது ஒரு படிவம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தின் மாதிரி அது. ஜீவனாம்ச வழக்குகளுக்காக வந்தது, எங்கள் மனுவுக்குக் கட்டாயமில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் நிரப்பி மாற்றிக்கொள்ள வேண்டும், அதன் பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டார். சம்பளம், பிஎஃப், எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பாக்கி, நகைக்கடன் எல்லாம் அதில் வரும். அவருக்கு ஒரு பர்சனல் லோன் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கல்லூரிக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டு வைத்திருந்தது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அந்த நேரத்தில், 2023 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதற்கான பங்களிப்புதான், அவருக்கும் சரிபாதி உண்டு என்ற தீர்ப்பு. சொந்தக்காரர்கள் அதை அனுப்பி, "பாதி வீடு உனக்குத்தான்" என்றார்கள். வக்கீலம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதெல்லாம் ஆளுக்குப் பாதி என்று தமிழ்நாட்டில் சட்டம் கிடையாது. பத்திரத்தில் பெயர் யாருடையது, பணம் யார் போட்டது என்றுதான் கேட்பார்கள். "அந்தத் தீர்ப்பு அந்த வழக்குக்கு. நம்ம கிட்ட ரசீது என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க" என்றார்.

ரசீது இருந்தது. ஃபிளாட்டின் முன்பணத்துக்காக என் கல்யாண நகையில் 22 பவுன் விற்றிருந்தோம். விற்ற கடையின் சீட்டும் அந்தப் பணம் என் கணக்கில் ஏறிய பதிவும் பத்திரமாக இருந்தன. பிறந்த வீட்டில் போட்ட நகை பெண்ணின் சொந்தச் சொத்து, கணவர் கையில் இருந்தாலும் அவளுடையதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. அதனால் நகை என்னுடையது என்பதில் தகராறு வரவில்லை. எந்த விலைக்கு எடுத்துக்கொள்வது என்பதில்தான் வந்தது.

விற்றபோது கிராம் மூவாயிரத்துக்குக் கீழே. 2023இல் ஐயாயிரத்து ஐநூறை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. 22 பவுன் என்றால் 176 கிராம். விற்ற விலைக்கு ஐந்து லட்சம் சொச்சம், 2023 விலைக்கு ஒன்பதரை லட்சத்துக்கு மேல். அவர் பக்கம் "அன்னைக்கு எவ்வளவு வந்ததோ அதுதான்" என்றார்கள். என் பெரியப்பா "கிராமுக்குக் கிராம் கொடுக்கச் சொல்லு" என்று நின்றார். ஒரு மாதம் இதிலேயே போயிற்று. இந்த முடிச்சை அவிழ்த்தது அவருடைய தம்பிதான். நகையை விற்று வந்த பணம் வீடாக மாறியது, வீட்டின் விலையும் ஏறியிருக்கிறது. எனவே வீடு வாங்கிய விலையில் என் நகைப் பணம் எத்தனை சதவீதமோ, அந்தப் பகுதியை இன்றைய வீட்டு மதிப்பில் முதலில் எனக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் கட்டிய தவணைக் கணக்கின்படி பிரிக்கலாம் என்றார். தங்கத்தின் அளவுக்கு ஃபிளாட் ஏறவில்லை, எனக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் இந்தக் கணக்கை நான் யாரிடமும் விளக்க முடியும். சம்மதித்தேன்.

தாலிக்கொடி ஏழு பவுன். அதைப் பட்டியலில் எழுதப் போனபோது பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "அதைய மட்டும் கணக்குல கொண்டுட்டு வராத கண்ணு." அம்மாவும் அதையே சொன்னாள். வக்கீலம்மா "அதுவும் தங்கம்தானுங்க" என்று எழுதிவிட்டார். எழுதியதுதான் சரி என்பது என் கட்சி.

இனி வீட்டுக் கடன். ஒப்பந்தத்தில் "இனிமேல் தவணையைக் கணவரே கட்டுவார்" என்று எழுதி, அதை நீதிமன்றம் டிக்ரியில், அதாவது விவாகரத்துத் தீர்ப்பாணையில், சேர்த்துவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வங்கி அந்த வழக்கில் தரப்பே இல்லை. டிக்ரி அதைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாமல் விட்டால் என்னைத்தான் கூப்பிடும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் என் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும். கடனிலிருந்து என் பெயரை வங்கி எடுத்தால்தான் எடுத்த மாதிரி.

வங்கியோ அவர் ஒருவரின் சம்பளத்துக்கு அந்தக் கடன் தாங்காது என்றது. கடைசியில் அவருடைய தம்பியை இணைக் கடனாளியாகச் சேர்த்து, பழைய கடனை முடித்து, எனக்குத் தர வேண்டியதையும் உள்ளடக்கிப் புதுக் கடனாகப் போட ஒத்துக்கொண்டார்கள். அதற்கு வீடு முழுவதும் அவர் பெயரில் இருக்க வேண்டும், அதாவது என் பங்கை நான் விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிய வேண்டும்.

எப்போது பதிவது என்பதில்தான் சூட்சுமம். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை சலுகை விலையில்; அதற்கு உச்சவரம்பும் உண்டு. டிக்ரி வந்துவிட்டால் நாங்கள் குடும்பம் இல்லை, கிட்டத்தட்ட விற்பனைப் பத்திரத்துக்கு ஆகும் செலவு ஆகும் என்றார் பத்திர எழுத்தர். ஆகவே டிக்ரிக்கு முன் பதிய வேண்டும். ஆனால் டிக்ரிக்கு முன் நான் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் மனம் மாறினால்? பரஸ்பர சம்மத மனுவில் டிக்ரி வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். இது 1991 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லி வருவது. அவருக்கும் என் மேல் அதே பயம் இருந்தது.

அதனால் பணத்தை மூன்றாகப் பிரித்து ஒப்பந்தத்தில் தேதி வாரியாக எழுதினோம். ஒரு பங்கு மனு தாக்கலான அன்று. பெரும்பங்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போடும்போது டிடியாக. கடைசிப் பங்கு இரண்டாவது விசாரணையன்று நீதிபதி முன்னால். யாராவது பின்வாங்கினால் எந்தப் பணம் எப்படித் திரும்பும் என்பதையும் எழுதினோம். அந்தப் பத்தி எழுதத்தான் இரண்டு வக்கீல்களும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் விசாரணைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஆறு மாத இடைவெளி சட்டத்தில் இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, பணம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்திருந்தால் அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம், உச்ச நீதிமன்றத்தின் 2017 அமர்தீப் சிங் தீர்ப்பு அதற்கு வழி விடுகிறது. எங்களுக்குத் தகுதி இருந்தும் நாங்கள் கேட்கவில்லை. வங்கி வேலைக்கே அந்த ஆறு மாதம் போதவில்லை என்பதுதான் உண்மை. அவசரப்பட்டு டிக்ரி வாங்கிவிட்டுப் பிறகு வங்கிக்கு ஓடுவதை விட இது மேல்.

ஜீவனாம்சம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், சம்பளம் இருக்கிறது. மகளுக்கானதை அப்படி நான் விட்டுக்கொடுக்க முடியாது, அது அவளுடைய உரிமை. மாதத் தொகை, வருடத்துக்கு இத்தனை சதவீதம் ஏற்றம், பள்ளிக் கட்டணத்தில் பாதி என்று முடிவானது. செல்வமகள் சேமிப்புக் கணக்கு அவரைக் காப்பாளராக வைத்து அஞ்சலகத்தில் திறந்தது. அவள் 18 வயதில் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும் வரை வருடாவருடம் யார் எவ்வளவு போடுவது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டதில், மனைவிக்கு மொத்தமாக வரும் ஜீவனாம்சத்துக்குப் பொதுவாக வருமான வரி இல்லை, மாதாமாதம் வந்தால் வருமானமாகப் பார்ப்பார்கள் என்றார். எனக்கு அது பொருந்தவில்லை. உங்களுக்குப் பொருந்தலாம்.

மருத்துவக் காப்பீட்டை எங்களைத் தவிர யாரும் யோசிக்கவில்லை. நான் அவர் கம்பெனி குழுக் காப்பீட்டில் இருந்தேன். டிக்ரி வந்த பிறகு மனைவி என்ற முறையில் அதில் இருக்க முடியாது. எனக்குத் தைராய்டு உண்டு, புதுப் பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வருடக் கணக்கில். அதனால் மனு போடும் முன்பே எனக்கும் மகளுக்கும் தனிப் பாலிசி எடுத்துவிட்டேன்.

கோர்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆலோசகர் இரண்டு பேரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் உட்கார வைத்துக் கேட்டார். நீதிபதி, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் வந்ததா, குழந்தையை எப்போது பார்ப்பார் என்று கேட்டு முடித்தார். காத்திருந்ததுதான் நீளம். டிக்ரியின் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பிஎஃப் வாரிசு நியமனம், எல்ஐசி என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.

சில மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், முடித்த வீட்டுக் கடன் என் பெயரில் இன்னும் நடப்பில் இருந்தது. வங்கி தகவல் அனுப்பவில்லை. கிளையில் "தானா மாறிடுங்க மேடம்" என்றார்கள். 2024 ஏப்ரல் முதல், புகார் கொடுத்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் போட்ட பிறகு மாறியது.

இன்னும் முடியாதது ஒரு சீட்டு. அவர் ஏற்கனவே ஏலத்தில் எடுத்துவிட்ட சீட்டுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாற்று ஜாமீன் கொடுத்தால்தான் என்னை விடுவிப்போம் என்கிறது நிறுவனம். அவர் கொடுத்த ஆளை ஏற்கவில்லை. சீட்டு முடியும்வரை தவணை ரசீதை ஒவ்வொரு மாதமும் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அனுப்புகிறார். பத்து தேதிக்குள் வராவிட்டால் நான் கேட்டுவிடுகிறேன்.